மஞ்சள் துணி கட்டிய உசிலை

செஞ்சியைச் சுற்றியுள்ள மலைகளில் விதை பொறுக்கி நாற்றுப்பண்ணைக்குக் கொடுப்பதுதான் அன்புக்கரசியின் பிழைப்பு. மொட்டையாகிப்போன சரிவுகளில் மறுபடி காடு வளர்க்க அந்த விதைகள்.

"ஒரே மரத்துல உருவிக்கினு வந்துடாதக்கா. ஒரே தாய் புள்ளைங்கன்னா ஒரு வறட்சில மொத்தமா போயிடும்" என்பான் பண்ணை நடத்தும் விமல்ராஜ். நெட்டையோ கோணலோ, அவள் எந்த மரத்தையும் விடமாட்டாள். ஆனாலும் அவள் உயிரெல்லாம் பாறை இடுக்கில் நின்ற ஓர் உசிலை மரத்தின் மேல்தான். போன கோடையில் சுற்றியிருந்தவை எல்லாம் பட்டுப்போக, அது மட்டும் பச்சையாக நின்றது. இந்த வருஷம் காய்த்தும் இருந்தது.

காய் முற்றவில்லை, பிஞ்சில் பறித்தால் முளைக்காது. அதற்குள் தலைக்குத் தேய்க்கும் அரப்புக்குத் தழை ஒடிக்க வருகிறவர்கள் கிளையை முறித்துவிட்டால்? அடையாளம் போடும் பெயின்ட் தீர்ந்திருந்தது. பழைய புடவையைக் கிழித்து மரத்தில் கட்டினாள். அது மஞ்சள் புடவை.

மரத்தில் மஞ்சள் துணியைக் கண்டால் நம் ஜனம் சும்மா போகுமா? அடுத்த வாரமே குங்குமம் ஏறியது. பிறகு எலுமிச்சம்பழம். அன்புக்கரசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சாமி மரத்துல எவன் கை வெப்பான்? இருக்கட்டும் தம்பி" என்றாள் விமல்ராஜிடம்.

மாசிக் கடைசியில் காய் முற்றியிருக்கும் என்று கோணியோடு போனாள். சரிவு முழுக்கப் புல் கருகிக் கிடந்தது. உசிலை அடியோடு கரி. தொட்ட காயெல்லாம் பொடிந்தது. ஒரு பிடியாவது தேறாதா என்று பாறை இடுக்கெல்லாம் துழாவினாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

"எந்தப் பாவி கொளுத்துனது?" என்று கத்தினாள்.

பாறைக்குப் பின்னாலிருந்து ஜெயக்கொடி எழுந்து வந்தாள். அடிவாரத்தில் நிலக்கடலை போட்டிருப்பவள். கையெல்லாம் கொப்புளம்.

"நான்தாங்கா. போர்ல தண்ணி நின்னுடுச்சு, பயிரு காயுது. ஒரு மழை குடு தாயேன்னு தெனமும் வந்து கற்பூரம் ஏத்துவேன். இன்னிக்குக் காத்து நெருப்ப இழுத்துக்கினு போயிடுச்சு. அடிச்சு அடிச்சுப் பாத்தேன், அணையல. சாமியவே எரிச்சிட்டேனே, என் குடும்பம் விளங்குமா?"

அன்புக்கரசிக்குத் திட்ட மனம் வரவில்லை. பாவமாக இருந்தது, பயத்தையாவது போக்கலாம் என்று நினைத்தாள்.

"அழாத ஜெயக்கொடி. இங்க சாமியே இல்ல. அந்தத் துணிய அடையாளத்துக்கு நான்தான் கட்னேன்."

ஜெயக்கொடியின் அழுகை நின்றது. அவள் அன்புக்கரசியையே பார்த்தாள்.

"அப்ப இத்தினி நாளா நான் யாருகிட்டக்கா கேட்டுக்கினு இருந்தேன்?"