பெயரைக் கேட்டுக் கத்தினார்கள்

இதில் யாருடைய பெயரும் வராது. தம்பி பெயர், எங்கள் எம்.பி. பெயர், அமைச்சர் பெயர், என் பெயர், எதுவும் வராது. ஏன் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். பெயர் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் மலேசியாவில், பினாங்குப் பக்கம் ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என் தம்பியும் அதே வட்டாரத்தில் வேறொரு கம்பெனியில் இருந்தான். நான் நிரந்தரம்; அவன் ஏஜெண்டு வழியாக வந்த கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் முடிந்ததும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் கார் கழுவினான், மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். தவணை கட்டவில்லை என்று மோட்டாரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சுங்கை பினாங் ஃபிளாட்டில் என் வீட்டு ஹாலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு நாள் முழுக்க போனைப் பார்த்தபடி கிடந்தான். எனக்கு வாய் சும்மா இருக்காது. “கூரையப் பாத்துட்டே இருந்தா வேலை விழுமாடா?” என்று கேட்பேன். அவன் சிரிப்பான்.

தாய்லாந்தில் கஸ்டமர் சர்வீஸ் வேலை, தங்க இடம், சாப்பாடு, கைநிறையச் சம்பளம் என்று கூட்டாளி ஒருவன் சொன்னானாம். வேண்டாம் என்று கத்தினேன். “இங்க இருந்து மட்டும் என்னக்கா பண்ணச் சொல்ற?” என்றான். ஹாட்யாய்க்கு பஸ் ஏறினான். அங்கிருந்து வேனில் ஏற்றி, ஓர் ஆற்றைத் தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். சுற்றிலும் மதில், மதில்மேல் முள்கம்பி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முன்பின் தெரியாத மனிதர்களிடம் நைசாகப் பேசி அவர்கள் பணத்தைப் பறிக்க வேண்டும். முடியாது என்றால் அடி; சில பேருக்குக் கரண்ட். இதெல்லாம் அவன் எப்படியோ ஒளிந்துகொண்டு பேசிய ஒரே ஒரு போனில் எனக்குத் தெரிந்தது.

அந்த போனில் அவன் காப்பாற்று என்று சொல்வதற்கு முன்னால் சொன்னது வேறு. “அக்கா, யார்கிட்ட வேணாலும் போ. போலீஸ் போ, அரசியல்வாதிகிட்ட போ. என் பேர் மட்டும் வெளிய வரக்கூடாது. இங்க கெடா மாநிலத்துப் பையன் ஒருத்தன் படம் ஃபேஸ்புக்ல வந்துச்சு. அன்னிக்கே அவன இழுத்துட்டுப் போனானுங்க. அப்புறம் நாங்க யாரும் அவனப் பாக்கல.”

அதற்குப் பிறகு அவனால் பேச முடியவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு நம்பரிலிருந்து மெசேஜ் வரும். ஒரே வார்த்தை: சாப்பிட்டியா. நான் சாப்பிட்டேன் என்று அடிப்பேன். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் அந்த வாரம் எனக்கு ஓடிவிடும். வந்தபிறகுதான் அன்றைக்கு நான் உண்மையிலேயே சாப்பிடுவேன்.

போலீசில் புகார் கொடுத்தேன். எழுதிக்கொண்டார்கள், காப்பி கொடுத்தார்கள், காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய்த்தான் வைபியிடம் போனேன். இங்கே நாடாளுமன்ற உறுப்பினரை எல்லோரும் வைபி என்றுதான் கூப்பிடுவோம். இவர் எதிர்க்கட்சி. வாயைத் திறந்தால் பினாங்குப் பாலம் மாதிரி நீளும் என்று நாங்களே கேலி பண்ணுவோம். ஆனாலும் நல்ல மனுஷன். தேர்தல் இல்லாத காலத்திலும் ஃபிளாட்டுக்கு வருகிற ஒரே அரசியல்வாதி அவர்தான். லிஃப்ட் கெட்டுக் கிடந்த நாளிலும் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

மக்களவையில் நினைத்த நேரத்தில் எழுந்து நினைத்ததைக் கேட்டுவிட முடியாதாம். கேள்வியை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். அமைச்சர் எழுதிவைத்த பதிலை வாசிப்பார். பிறகு கேட்டவர் எழுந்து துணைக் கேள்வி என்று ஒன்றே ஒன்று கேட்கலாம்.

“அந்த ஒரு கேள்விதான்க்கா உயிர்,” என்றார். “எழுதி வச்ச பதிலப் படிச்சிட்டுப் போயிருவானுங்க. துணைக் கேள்விக்குத்தான் யோசிச்சுப் பதில் சொல்லணும். அதுல மாட்டிவிடறேன் பாருங்க.”

“எதுல வேணாலும் மாட்டிவிடுங்க வைபி. தம்பி பேரு மட்டும் வாயில வரக்கூடாது.”

“அலாமாக், அது தெரியாதா எனக்கு? பயப்படாதீங்க லா அக்கா. சத்தியமா சொல்ல மாட்டேன்.”

கேள்வி வருகிற நாள் எனக்கு வேலை நாள். போனை உற்பத்தி லைனுக்குள் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில்தான் வைக்க வேண்டும். காலை பத்து மணி இடைவேளைக்கு கண்டீனுக்கு ஓடினேன். பக்கத்து லைனில் வேலை செய்யும் மலாய் அக்கா ஒருத்தி என் கூடவே வந்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். ஒரு இயர்போனை அவள் காதிலும் ஒன்றை என் காதிலும் செருகிக்கொண்டோம். மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வைத்தாள். இரண்டு பேரும் தொடவில்லை.

அமைச்சர் எழுந்தார். இதே விஷயத்தை இன்னும் சில உறுப்பினர்களும் கேட்டிருப்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்ல சபாநாயகரிடம் அனுமதி கேட்டார். கிடைத்தது. தூதரகம் வழியாகப் பேசுகிறோம், அண்டை நாடுகளோடு ஒத்துழைக்கிறோம், எச்சரிக்கையை மீறித் தாங்களாகவே போனவர்கள்தான் பெரும்பாலும், என்று வழவழவென்று வாசித்தார். என் தம்பி அந்தப் பதிலில் எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் வைபி எழுந்தார். மலாயில்தான் பேசினார். அடடா, என்ன பேச்சு! ஜுருவில் நிலையான வேலை இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் ஆற்றைத் தாண்டிப் போயிருப்பார்களா என்று கேட்டார். சொந்த ஊரில் வேலை கொடுக்கவும் உங்களால் முடியவில்லை, அடுத்த நாட்டில் அடிபடும்போது காப்பாற்றவும் முடியவில்லை என்றார். அந்த நாட்டுத் தலைவர்களோடு விருந்தில் உட்கார்ந்தீர்களே, சோற்றில் கை வைக்கும் முன்னால் எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றார். இந்த ஃபிளாட்டில் நாங்கள் எங்களுக்குள் முனகிக்கொண்டதையெல்லாம் ஒருத்தர் சபையில் நின்று சத்தமாகச் சொல்கிறார். கண்டீன் என்றும் பார்க்காமல், “போடு!” என்று கத்திவிட்டேன்.

அமைச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வைபி நன்றாகக் கதை சொல்கிறார், அப்படி ஒரு பையன் உண்மையிலேயே இருந்தால் பெயரைச் சொல்லட்டுமே என்றார்.

உடனே ஆளுங்கட்சி வரிசையில் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். “நாமா! நாமா!” என்று கத்தினார்கள். பெயர், பெயர் என்று. பின்வரிசையில் ஒருவன், “பொய்! பொய்!” என்றான். படித்த மனிதர்கள், கோட்டு போட்டவர்கள், கால்பந்து பார்க்க வந்தவர்கள் மாதிரி கத்தினார்கள். சபாநாயகர் அமைதி அமைதி என்றார். வைபியின் முகம் சிவந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைப்பது போன் திரையில்கூடத் தெரிந்தது.

“சொல்லாதீங்க,” என்றேன் நான். போனைப் பிடித்துக்கொண்டு, “சொல்லாதீங்க வைபி, சொல்லாதீங்க,” என்றேன்.

சொல்லிவிட்டார். ஐசி என்கிற அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே, தம்பி பெயர், இன்னார் மகன் என்று அப்பா பெயர், கூடவே சுங்கை பினாங் என்று ஊரும். சொன்னபிறகு சபை கப்சிப். அமைச்சர் குனிந்து பேனாவைத் தேடினார்.

மலாய் அக்கா என் பக்கம் திரும்பி, அது உன் தம்பி பெயர்தானே என்று மெதுவாகக் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தது, லைனுக்குப் போனோம்.

அன்று சாயங்காலமே அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. யாரோ அதற்குப் பின்னணி இசை வேறு போட்டிருந்தார்கள். சிங்கம் என்று வைபியைப் புகழ்ந்தார்கள். ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல். கீழ்வீட்டு ஆன்ட்டி படிக்கட்டில் என்னைப் பிடித்து நிறுத்தி, “உன் தம்பி பேரு பார்லிமெண்ட்லயே வந்துருச்சே! இனிமே கவலையே இல்ல!” என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மேலே ஏறிவிட்டேன். பேசியிருந்தால் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

வைபிக்கு போன் பண்ணினேன். கட்சிப் பக்கத்திலிருந்து வீடியோவை எடுத்துவிட்டார். அதற்குள் அது எத்தனை கை மாறியிருந்ததோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெசேஜ் வரவில்லை.

காலையில் கோழி வாங்கிவந்து சமைத்தேன். போனைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லைன் சரியில்லையோ என்று என் புருஷனை விட்டு எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பச் சொன்னேன். அது வந்தது. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பழைய நம்பர்கள் ஒவ்வொன்றுக்கும் நானே சாப்பிட்டியா என்று அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

வைபி வந்தார். ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் குனிந்து உட்கார்ந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

“மன்னிச்சிருங்கக்கா. அவனுங்க நாமா நாமான்னு கத்துனப்ப… பொய் சொல்றேன்னு சொல்லிட்டானுங்க. என்னால தாங்க முடியல.”

“உங்க போலீஸ் ஸ்டேஷன்லயே பேரு இருக்கு, போய்ப் பாருங்கன்னு சொல்லியிருக்கலாமே வைபி.”

“அந்த நேரத்துல தோணல.”

“அவங்க உங்களப் பொய்யன்னாங்க. சொல்லிட்டுப் போறாங்க! பொய்யன்னே பேரு வாங்கிட்டு வந்திருந்தா என்ன கொறஞ்சிருக்கும்? உங்களுக்கு ஒரு நிமிஷம் மானம் போயிருக்கும். எனக்கு என் தம்பி இருந்திருப்பான்.”

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன், அது வீட்டுக்கு வந்தவருக்குச் செய்கிற மரியாதை. ஆரஞ்சைத் திரும்பக் கொடுத்தனுப்பினேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வேலை, விருந்து, அண்டை நாடு, அரசாங்கத்தின் கையாலாகாத்தனம், எதுவும் வேண்டாம். உயிரோடு இருக்கிறானா இல்லையா, அதை மட்டும் கேளுங்கள் என்றேன். பெயர்தான் உலகத்துக்கே தெரிந்துவிட்டதே, இப்போது பெயரைச் சொல்லியே கேளுங்கள் என்றேன்.

அடுத்த கூட்டத் தொடரில் கேட்டார். நான் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் தனியாகப் பார்த்தேன். சபையில் பாதி நாற்காலி காலி. யாரும் கத்தவில்லை, மேசை தட்டவில்லை. வைபி ஒரே வாக்கியம் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அமைச்சர் சிரிக்கவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்து வாசித்தார். தூதரகத்தின் மூலம் விசாரித்ததில், குறிப்பிட்ட இடத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று தெரியவருகிறது.

அந்தப் பெயரில் யாரும் இல்லையாம்.

“இருந்தான்டா!” என்று போனைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. “நீங்க பேரைக் கேட்டுக் கத்துனீங்களே, அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமகூட இருந்தான்டா! சாப்பிட்டியான்னு கேட்டான்டா!”

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார். சபாநாயகர் அடுத்த கேள்வியைக் கூப்பிட்டார்.