உரிய நடவடிக்கை

ஓய்வு பெற்ற பிறகு இனி எந்தச் சுற்றறிக்கையையும் படிக்க வேண்டியிருக்காது என்று நம்பியிருந்தேன். விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் போவேன். மேலே இருந்து வரும் உத்தரவுக்கு விளக்கம் எழுதுவேன். அந்த விளக்கம் புரியவில்லை என்று கீழே இருந்து கடிதம் வரும். அதற்குத் தெளிவுரை எழுதுவேன். இப்படியே பணிக்காலம் முடிந்தது.

போன மாதம் என் மகள் ஒரு கட்டுத் தாளை அச்சடித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இதுவும் சுற்றறிக்கைதான். இந்த முறை அதைப் படித்து நடக்க வேண்டிய ஊழியர் மனிதர் இல்லை, அவ்வளவுதான்.

அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து வேலை பார்க்கிறாள். நிலக்கடலை மண்டிகளில் எடைச்சீட்டு போடும் மென்பொருள் அவள் பொறுப்பு. முன்பு நிரலை அவளே எழுதுவாள். இப்போது ஏஜென்ட் என்கிற செயற்கை நுண்ணறிவு எழுதுகிறது. அதற்கு நேற்று நடந்தது இன்று நினைவிருக்காது. ஒவ்வொரு முறை வேலையைத் தொடங்கும்போதும் ஓர் அறிவுரைக் கோப்பைப் படித்துவிட்டுத்தான் தொடங்கும். எப்படி எழுதுவது, எதைத் தொடக்கூடாது, சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோப்பை எழுதியவள் என் மகள்.

அவளுடைய மேலாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். கோப்பு நன்றாக இருந்து ஏஜென்ட் தானாக ஒழுங்காக வேலை செய்தால் அவள் திண்டிவனத்திலேயே இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து மேய்க்க வேண்டியிருந்தால் சென்னைக்கு வந்துவிட வேண்டும். மருமகனுக்கு முண்டியம்பாக்கம் மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை. பேத்தி இங்கே ஒன்றாம் வகுப்பு. சென்னை என்றால் வீடு இரண்டாகும்.

"குத்தம் கண்டுபுடிக்கிறதுல நீ பெரிய ஆளாச்சேப்பா. இத்த படிச்சிட்டு சொல்லு" என்றாள்.

"மார்க் போடணுமா?"

"போடு. ஆனா ஜல்தி. திங்கக்கெழம அனுப்பணும்."

படித்தேன். ஆங்கிலத்தில் இருந்தது, அது பிரச்சினையில்லை. ஏஜென்ட் ஒவ்வொரு முறை தப்பு செய்தபோதும் இவள் ஒரு வரி சேர்த்திருக்கிறாள். சேர்த்த எதையும் எடுக்கவில்லை. எங்கள் அலுவலகத்தின் நிலையாணைத் தொகுப்பும் இப்படித்தான் வளர்ந்தது. ஓரிடத்தில் "கேட்டுக்கொண்டிருக்காமல் வேலையை முடி" என்றிருந்தது. இரண்டு பக்கம் தள்ளி "எந்த மாற்றத்துக்கும் முன் அனுமதி கேள்" என்றிருந்தது. பென்சிலால் வட்டம் போட்டேன். வரிசை எண் தவறியிருந்த இடங்களைத் திருத்தினேன். கடைசியில் முதல் வகுப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"படிச்சிப் பாத்து மார்க் போட்றதா இருந்தா நானே போட்டுக்குவேனே. ஓடவுட்டுப் பாக்கணும்ப்பா."

அவள் முறை இது. ஒரே வேலையை ஏஜென்ட்டிடம் இரண்டு தடவை கொடுப்பது. ஒரு தடவை கோப்போடு, இன்னொரு தடவை கோப்பே இல்லாமல். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கோப்பு இல்லாமலே அதே வேலை நடந்தால் கோப்பு எதற்கு? நான் பணியில் இருந்த காலம் முழுவதும் ஓர் உத்தரவை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று எவருக்கும் தோன்றியதில்லை. தோன்றாததே நல்லது. பாதிப் பேருக்கு வேலை போயிருக்கும்.

சனிக்கிழமை மாலை சோதனை நடந்தது. புதிதாக ஒரு வகைச் சாக்கு வந்திருக்கிறது, அதன் எடையைக் கழித்து நிகர எடை போட வேண்டும் என்பது வேலை. கோப்பு இல்லாமல் ஓடியபோது ஏஜென்ட் சுமாராகச் செய்து, கணக்கு சரியா என்று பார்க்கும் சரிபார்ப்புகளில் ஒன்றில் தோற்று, தோற்றதைச் சொல்லிவிட்டு நின்றது. கோப்போடு ஓடியபோது எல்லாச் சரிபார்ப்பும் பச்சை. மகள் கையைத் தட்டினாள். பணி முடிந்து அப்போதுதான் வந்த மருமகன், செருப்பைக் கழற்றிக்கொண்டே "பாஸாயிட்ச்சா?" என்று கேட்டார்.

"ஆயிட்ச்சி" என்றவள் திரையை மேலே தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று முகம் மாறியது.

"சாக்கு எடைய சரிபாக்கிற டெஸ்ட்டே காணோம்ப்பா."

ஏஜென்ட்டே குறிப்பு எழுதி வைத்திருந்தது. சரிபார்ப்பு ஒன்று தோல்வியுற்றது, அறிவுரைப்படி உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது, சரிபார்ப்பு நீக்கப்பட்டது. சாக்கு எடை இரண்டு முறை கழிந்துகொண்டிருந்தது. இது மண்டிக்குப் போயிருந்தால் மூட்டைக்கு மூட்டை விவசாயிக்கு நஷ்டம்.

கோப்பில் தேடினாள். இருந்தது. 'சரிபார்ப்பு தோல்வியுற்றால் உரிய நடவடிக்கை எடுக்கவும்.'

"நீ இத்த படிச்சியா இல்லியா?"

"படிச்சேன்."

"அப்பறம் ஏன் வட்டம் போடல?"

"அது எல்லாத்துலயும் இருக்கிற வரிதானேம்மா. எங்க ஆபீஸ்ல அதுக்கு அர்த்தமே வேற."

"இன்னா அர்த்தம்?"

"ஒண்ணும் செய்யாதன்னு அர்த்தம்."

மருமகன் சிரித்துவிட்டார். "மாமா, அது கவர்மெண்ட்ல வேல பாக்கலீங்க. எடுன்னா எடுத்துடும்."

"நீங்க ரெண்டு பேரும் கீழ போய் பேசிக்கினு இருங்க" என்றாள் மகள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெட்டினாள். ஒவ்வொரு வரியையும் எடுத்துவிட்டு ஓடவிடுவாள். எடுத்தும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் அந்த வரி போய்விடும். நான் மிகவும் ரசித்த முன்னுரைப் பத்தி முதலில் போனது. கட்டுத் தாள் ஒரு பக்கமாகச் சுருங்கியது. உரிய நடவடிக்கை இருந்த இடத்தில் இப்போது மூன்று வரிகள் இருந்தன. 'சரிபார்ப்பு தோற்றால் நிறுத்து. எந்தச் சரிபார்ப்பையும் நீக்காதே. எது தோற்றது என்று சொல்.' மறுபடி ஓடவிட்டாள். சாக்கு எடையில் தோற்று, சொல்லிவிட்டு, நின்றது. காரணத்தை இவள் காட்டியதும் சரியாக எழுதி முடித்தது.

திங்கட்கிழமை அனுப்பினாள். வியாழக்கிழமை மேலாளரிடமிருந்து பதில் வந்தது. கோப்பு மிகச் சிறப்பு, தேவையற்ற சொல் ஒன்றுகூட இல்லை. வீட்டிலிருந்து பணிபுரியும் கோரிக்கை மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். படித்தேன். பிறகு அவள் பதில் தட்டினாள். திண்டிவனத்தில் இருக்கலாமா, கூடாதா? கூடாதென்றால் எந்தத் தேதியிலிருந்து?

மதியத்துக்குள் வந்துவிட்டது. கூடாது. மற்ற குழுக்களுக்கும் இதேபோல் கோப்பு எழுத நீங்கள் நேரில் தேவைப்படுகிறீர்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சென்னை அலுவலகத்துக்கு வரவும்.

வேலை தெரிந்த ஆளை இடமாற்றும் பழக்கம் அரசாங்கத்துக்கு மட்டும்தான் உண்டு என்று நினைத்திருந்தேன்.

"யாரு, எங்க, எப்ப, எதுக்கு, எல்லாம் இருக்கு. முழு மார்க் போடலாம்" என்றேன் அன்று மாலை.

அவள் சிரிக்கவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து பேத்தியின் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டை இரண்டாக்க அவளுக்கு மனமில்லை என்பது அடுத்த கேள்வியில் தெரிந்தது.

"காலைல சென்னைக்கு எத்தினி மணிக்குப்பா மொத ட்ரெயின்? சீசன் டிக்கெட்டுக்கு போட்டோ வேணுமா?"

"வேணும். ஆதார் காப்பியும் எடுத்துக்க" என்றேன். இந்த நடைமுறை எனக்கு நன்றாகவே தெரியும்.