பிரவுனி இப்ப சுதா அக்காவோட ஓடுறான்

வெயில் கூடினதுல ரெண்டு வாரமா நான் ஓடப் போகல.

இன்னிக்கி காலையில மஸ்கெலியா ரோட்டுக் கடையில சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கிட்டு நிக்கிறேன், தோட்டத்துல பக்கத்து லயத்து வீட்டு வரிசை சுதா அக்கா ஓடி வர்றாங்க. கூடவே பிரவுனி! இத்தனை நாளா என்கூட மட்டுமே ஓடின எங்க லயத்து நாய்.

"டேய் பிரவுனி!"னு கூப்பிட்டேன். வாலை ஒரு ஆட்டு ஆட்டிட்டு அக்கா பக்கத்துலயே நின்னுட்டான்.

"நீதான் வர்றதில்லையேம்மா. ஒன் வாசல்லயே காத்துக் கெடந்தான். பாவம்னு நான் கூட்டிக்கிட்டேன்"னாங்க அக்கா.

"நல்லதுங்கக்கா"னு சிரிச்சேன். ஆனா வயிறு எரிஞ்சிச்சி. அவங்களுக்கு மூச்சுகூட வாங்கல.

நாளைக்கி வெயில் ஏறுறதுக்குள்ள, அக்காவுக்கு முந்தியே கெளம்புறேன். பாணோட ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிட்டேன். இத லஞ்சம்னு சொல்றவங்க கமெண்ட்ல வாங்க, பேசிக்குவோம்.