ஈரம் படாம பாத்துக்கோங்க

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இதை என் அம்மா கல்யாணத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறிவிட்ட மனிதருக்கு, எம்.சி.ஏ. படித்த என்னைக் கட்டிவைத்தார்கள். பதினைந்து வருஷம் என் படிப்பு பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. அவர் ஒரு நாளும் அதைக் குத்திப் பேசியதில்லை. நான்தான் பேசினேன், ஒரே ஒரு நாள்.

போடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களுடைய இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். தலைமையாசிரியை அம்மா நேரடியாகவே சொல்லிவிட்டார். “மூணு வாரத்துல ஒரு மாதிரி செஞ்சு காட்டுங்க. புடிச்சிருந்தா வேலை உங்களுக்கு.” பழைய ஆண்டுமலர்களையும் படங்களையும் ஒரு பெட்டி நிறையக் கொடுத்தார். எனக்குத் தூக்கமே போய்விட்டது. நாற்பது வயதை நெருங்கும்போது கதவு இன்னொரு தடவை திறக்குமா என்ன?

அந்த நேரம் பார்த்துத்தான் காய் எடுப்பு. போடிமெட்டுக்கு மேலே தோட்டத்தில் வேலையாட்களுக்கு உலை வைக்க நான் போயே ஆகவேண்டும். அங்கே சிக்னல் வேண்டுமென்றால் ஜீப் ரோட்டு வளைவு வரைக்கும் நடக்கணும். இன்டர்நெட் இல்லாத இடத்தில் இணையதளம் செய்வது எப்படி என்று என் வீட்டுக்காரர்தான் கவலைப்பட்டார். அதற்கு வழி இருந்தது. பக்கங்களை எழுதி, படம் போட்டு, அடுக்கிவைக்கிற மென்பொருளை நம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நிறுவிக்கொள்ளலாம். கூடவே ஒரு சர்வரும் ஒரு டேட்டாபேஸும் போட்டுவிட்டால், வெளியுலகம் இல்லாமலே தளம் முழுசாக ஓடும். நாம் மட்டும் பார்க்கலாம், வேறு யாரும் பார்க்க முடியாது. போடி வீட்டிலேயே எல்லாவற்றையும் இறக்கி நிறுவினேன். பாஸ்வேர்டில் ஒரு எழுத்து மாறியதால் ஒரு பகல் முழுக்க டேட்டாபேஸ் முகம் கொடுக்கவில்லை. கடைசியில் முதல் பக்கம் திறந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, நான் எழுந்திருக்கவில்லை.

கம்ப்யூட்டரை ஜீப்பில் கம்பளி சுற்றி மேலே கொண்டுபோனோம். சமைத்து முடித்த நேரமெல்லாம் உட்கார்ந்து தட்டினேன். அவர் ஈரத் துண்டோடு வந்து தள்ளி நின்றே பார்ப்பார். “இதுக்குள்ளயா எல்லாம் இருக்கு?” என்று டி.வி. மாதிரி இருந்ததைக் காட்டிக் கேட்டார். “அது வெறும் கண்ணாடிங்க. எல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு” என்று கீழே இருந்த சிபியுவைத் தட்டிக் காட்டினேன். வேறொரு இடத்தில் நகல் எடுத்துவைத்தாயா என்று கேட்காதீர்கள், இதுவரை கேட்காத ஆளில்லை. எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காட்டவேண்டும். அதற்கு முந்தின வியாழக்கிழமை சிலமலையில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. போகாமல் இருந்தால் அக்கா ஏழு ஜென்மத்துக்கும் பேசமாட்டாள். மழை விடாமல் ஊற்றியது. சுவரெல்லாம் பூஞ்சை பூத்துப்போய், தலையணையைப் பிழிந்தால் தண்ணீர் வரும் போலிருந்தது. ஜீப்பில் ஏறும்போது அவரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

“பெட்டிய மட்டும் ஈரம் படாம பாத்துக்கோங்க.”

மலையில் இதற்கு அர்த்தம் ஒன்றுதான். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குள் விறகு எரிந்து குழாய் வழியாகச் சூடு ஓடும். மழைக்காலத்தில் தீப்பெட்டி, உப்பு, கம்பளி, பிள்ளைகளின் சர்டிபிகேட் என்று நனையக்கூடாத எதுவானாலும் அதன் மேல்தட்டுக்குத்தான் போகும். அங்கே எல்லாரும் செய்கிற காரியம். சிபியுவும் அங்கேதான் போயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் திரும்பினேன். அன்று காலையில்தான் பச்சைக்காய் லோடு ஏற்றித் தீ மூட்டியிருந்தார்கள். முதல் சில மணி நேரம் பச்சைக்காய் கக்குகிற ஆவியில் ஸ்டோர் முழுக்க வியர்த்துக் கொட்டும். ஈரம் வற்றிச் சூடு ஏறுவது அதற்கு அப்புறம்தான். நான் வந்த சத்தம் கேட்டதும் அவர் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு. துண்டால் துடைத்துக்கொண்டே, “தொட்டுப் பாரு, கதகதன்னு இருக்கு. பொட்டு ஈரமில்ல” என்றார்.

பெட்டியின் காற்றுத் துளைகளில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது.

எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. “ஐயோ, ஐயோ” என்று கத்திக்கொண்டே பெட்டியைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் ஒயர்களை மாட்ட ஆரம்பித்தேன். காய் பொறுக்கிய பெண்கள் ஆறேழு பேர் சாக்கோடு வாசலில் நின்றுவிட்டார்கள்.

அவர் பின்னாலேயே வந்தார். “இந்தா புள்ள, வெரசாப் போடாத. உள்ள ஈரமிருந்தா ரெண்டு நா காயட்டும்.”

“பேசாதீங்க! எட்டாங்கிளாஸ் தாண்டாத ஆளு கையில குடுத்தேன் பாருங்க, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். காயத் தவிர என்ன தெரியும் உங்களுக்கு?”

வாசலில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருத்தி மட்டும் மெதுவாக, “ஈரத் தணுப்புக்குப் பயந்துதானக்கா வச்சாரு” என்றாள். நான் சுவிட்சைப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம் கேட்டது, பிறகு ரப்பர் கருகுகிற நாற்றம். அதோடு எல்லாம் முடிந்தது.

மறுநாள் போடியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கும் போயிருந்தது. “அக்கா, சூட்டுல ஒண்ணும் ஆகலக்கா. ஈரத்தோட ஆன் பண்ணதுதான் தப்பு. ரெண்டு நா காயவிட்டிருந்தா பொழச்சிருக்கும்” என்றார். என் வீட்டுக்காரர் வெளியே ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். நான் போய் ஏறிக்கொண்டேன். “என்ன சொன்னான்?” என்று கேட்டார். “போச்சாம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அவரும் கூடவே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “தப்பு எம் மேலதாம்மா. விவரம் தெரியாம ஸ்டோர்ல வச்சுக் கெடுத்துப்புட்டேன். இவளுக்கு இன்னுங் கொஞ்சம் டயம் குடுங்க” என்று கைகூப்பினார். நான் பக்கத்தில் மண்ணு மாதிரி நின்றேன். அந்த அம்மா பதினைந்து நாள் கொடுத்தார். போடி வீட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் நிறுவி, அத்தனையையும் திரும்பத் தட்டினேன். வேலை கிடைத்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

ஸ்டோரில் கம்ப்யூட்டர் உலர்த்திய கதையைக் கல்யாண வீட்டிலும் பஸ்சிலும் அவரே சொல்லிச் சிரிப்பார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். நான் வேறு பக்கம் பார்ப்பேன். வீட்டில் புது கம்ப்யூட்டர் வந்தது. அதை மட்டும் அவர் தொடுவதில்லை. மேசையைத் துடைத்தால் அதைச் சுற்றித் துடைப்பார். ஒரு தடவை ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தபோது பக்கத்தில் நின்றுகொண்டே, “இந்தா, கம்ப்யூட்டர் நனையுது, வா” என்று அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட்டார். தானே நகர்த்திவைக்கவில்லை.

போன மழையில் என்னால் அடக்க முடியவில்லை. சோறு போட்டுக்கொண்டிருந்தவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். “அன்னைக்கு நீங்க வச்சதால கெடலங்க. நான் அவசரப்பட்டு சுவிட்சப் போட்டதாலதான் போச்சு. கடைக்காரர் அன்னைக்கே சொன்னாரு. நான் உங்ககிட்ட மறைச்சிட்டேன்.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அது தெரியுமே புள்ள” என்றார். “ஈரம் காயுறதப் பத்தி எனக்குத் தெரியாதா?”

நான் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். “தெரிஞ்சுமா ஊரெல்லாம் உங்க தப்புன்னு சொல்றீங்க? அப்புறம் ஏன் இத்தன நாளா கம்ப்யூட்டரத் தொட மாட்டேங்கிறீங்க?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பெட்டி போனதுக்காகவா தொடாம இருக்கேன்?” என்றார். “அன்னைக்கு அத்தன பேரு நின்னாங்கள்ல.”

ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினார். ஊற்றினேன்.