ஏரி நிறைந்த நாளில் முதல் கை தண்ணீர்

இரண்டு வருடம் வறண்டு கிடந்த ஏரி நான்கே நாள் மழையில் நிரம்பிவிட்டது, வந்து பார் என்று போன ஐப்பசியில் செல்வராசு அழைத்தான். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி இரண்டு வைத்திருக்கிறான். ஏரி வறண்டால்தான் அவனுக்குத் தொழில், ஆனாலும் அது நிரம்பியதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். மூன்று வருடங்களுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவன். கொடுத்தது மனைவி பூங்கொடி.

சனிக்கிழமை காலை 5.40க்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நாமக்கல் வண்டி ஏறினேன். புதுச்சத்திரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டிக்கெட் 40 ரூபாய். இடைநில்லா வண்டியில் ஏறினால் நாமக்கல் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். புதுச்சத்திரத்திலிருந்து ஊருக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 150. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் கடைசியில் புரியும்.

"ஏரி பாக்கவாங்க?" என்றார் ஆட்டோக்காரர். "ரெண்டு வருசமா அதுக்குள்ள மாடு மேச்சாங்க, ஆட்டுப்பட்டி போட்டாங்க. காலைல சொம்பெடுத்துட்டுப் போனதும் அங்கதானுங்க. இப்ப கங்கம்மாங்கறாங்க."

இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்க முடியாது. ஆடு, மாடு, மனிதர் கழிவில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகள் இருக்கலாம். ஐப்பசி, கார்த்திகை என்று பிரித்துப் பெய்த மழை இப்போது நான்கு நாளில் கடமையை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. வறட்சியில் சேர்ந்த அத்தனையையும் முதல் வெள்ளம் வழித்து ஏரியில் சேர்க்கிறது. அந்த ஒட்டுண்ணிகளில் கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று, கெட்டியான ஓட்டுக்குள் இருப்பதால் குளோரினுக்கு அசையாது. நல்ல உடம்பில் வயிற்றுப்போக்கோடு போய்விடும். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை தின்பவனை அது எளிதில் விடாது. பச்சைத் தண்ணீர் கூடாது என்று மருத்துவமனையில் கண்டித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஊரில் ஏரி நிரம்பி வழியும்போது செல்வராசு வீட்டு மூத்த ஆண் முதல் கை தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகுதான் கிடா வெட்டு. இப்போது மூத்தவன் அவன்தான். அவன் குடிக்காவிட்டால் அந்த மரியாதை பங்காளி தங்கவேலுக்குப் போகும். போனால் திரும்பாது.

ஏழேமுக்காலுக்குக் கரையில் ஊரே நின்றது. தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. செல்வராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். நேற்றுவரை பச்சைத் தண்ணீரின் ஆபத்தைப் பற்றி எனக்குப் போனில் பாடம் எடுத்தவன், கூட்டத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது. பூசாரி, "கைய ஏந்து சாமி" என்றார்.

பூங்கொடி பின்னாலேயே இறங்கி ஒரு சொம்பை நீட்டினார். "இதக் குடிங்க. விடியக்காலம் இதே எடத்துல மோந்து, கொதிக்கக் கொதிக்கக் காச்சுனது."

"காச்சுன தண்ணி எப்படிங்க அண்ணி ஏரித் தண்ணியாகும்?" என்றார் தங்கவேலு.

"நீங்க ஊட்டுல நெல்லையா திங்கறீங்க கொழுந்தனாரே, சோறுதான?"

கரையில் சிரிப்பு. தங்கவேலு விடவில்லை. "ஆம்பளைங்க காரியம் அண்ணி. நீங்க அக்கட்டால போங்க."

"போறனுங்க. இவருக்குள்ள இருக்கறது என்ற கிட்னி. அதையும் எடுத்துக் குடுத்துருங்க, ரெண்டு பேருமாப் போயிக்கறோம்."

செல்வராசு ஏரியைப் பார்த்தான், பங்காளியைப் பார்த்தான். கடைசியில் சொம்பை வாங்கி உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தான். பூசாரி வெயிலைப் பார்த்தார். "ஏரித் தண்ணிதான், செல்லும்" என்று கிடாவின் பக்கம் நடந்தார். தங்கவேலு ஏரிக்கு மனக்குறை வேண்டாம் என்று மூன்று கை பச்சையாகக் குடித்தார். பின்னால் ஊர் குடித்தது. எனக்கும் ஒருவர் அன்போடு மொண்டு கொடுத்தார். மேலே எழுதிய அத்தனையும் தெரிந்த நான், மரியாதைக்காகக் குடித்தேன்.

ஏழாம் நாள் தொடங்கியது. பதினோரு நாள் இருந்தது.

போகிறவர்களுக்கு: குடிக்கும் தண்ணீரைக் கொதி வந்தபின் மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆற்றி எடுத்துப் போங்கள். குளோரின் மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள். முதல் வெள்ளத்தில் குளித்தாலும் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயிறு கெட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்து, மருத்துவரிடம் ஏரியைப் பற்றியும் சொல்லுங்கள். ஊராரிடம் எதையும் விளக்க முயல வேண்டாம். எனக்கே விளங்கியிருந்தது, பயனில்லை.

நான் எழுந்து நடமாடத் தொடங்கியபோது செல்வராசு அழைத்தான். மாதப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதாம். குரலில் மட்டும் உற்சாகமில்லை.

"தங்கவேலு ஆசுபத்திரில ட்ரிப்ஸ் ஏத்திட்டுக் கெடக்கறான். போய்ப் பாத்தா, ஊர்க்காரங்க பாதிப் பேரு அங்கதான் டீ குடிச்சிட்டுப் பேசிக்கிட்டிருக்காங்க. ஆளாளுக்கு எத்தன தடவ போச்சுன்னு கணக்குச் சொல்றாங்க. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லடா. ஊரே என்னைய ஒதுக்கி வெச்ச மாதிரி இருக்குது."

பின்னாலிருந்து பூங்கொடியின் குரல் கேட்டது. "அப்படியே ஒதுங்கி இருங்க."