ஏழு முனைகளுக்கு ஒரு பெயர்

ரசாயனக் கிடங்கில் எல்லோரும் அவளைப் ‘பசை அக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வருடமாக பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவதுதான் வேலை. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. லேபிளில் இருந்த பெயர்கள் அவளுக்கு வாயில் நுழையாத சங்கதிகள்.

ஆனாலும் கண் சும்மா இருக்குமா? ஒவ்வொரு அலமாரியிலும் புரோப், பியூட், பென்ட் என்று அதே தலைகள் திரும்பத் திரும்ப வருவதை ஒருநாள் கவனித்துவிட்டாள். வால்தான் மாறியது: ஒரு அலமாரியில் ‘ஆல்’, இன்னொன்றில் ‘ஓன்’. லேபிள் ஒட்டிய ஒரு பாட்டிலோடு நேரே பரிசோதனை அறைக்குப் போய்க் கேட்டாள்.

அங்கிருந்த இளம்பெண் ஓர் அட்டையில் வளைந்து நெளிந்து கோடு போட்டாள். “ஒவ்வொரு முனையும் ஒரு கார்பன், அக்கா. தலையில இருக்கிறது எத்தனை கார்பன்னு சொல்லும். மெத்னா ஒண்ணு, எத்னா ரெண்டு, புரோப்னா மூணு, பியூட்னா நாலு. அஞ்சு பென்ட், ஆறு ஹெக்ஸ், ஏழு ஹெப்ட். வால்தான் குடும்பம். ‘ஆல்’னா ஆல்கஹால். ‘ஓன்’னா கீட்டோன், அதுல ஒரு கார்பன் மேல ஆக்சிஜன் ரெட்டைக் கோட்டுல நிக்கும். எந்த முனையில நிக்குதுன்னு நடுவுல ஒரு எண் வரும்.”

பசை அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அவளே ஓர் அட்டையில் ஏழு முனை வரைந்தாள். ஐந்தாவதின் மேல் ஆக்சிஜனை நிறுத்தினாள். கிடங்கில் அப்படியொன்றை அவள் பார்த்ததே இல்லை. லேபிள்களில் பார்த்த மாதிரியே பக்கத்தில் எழுதினாள்: ஹெப்டன்-5-ஓன். அட்டையோடு மறுபடி பரிசோதனை அறைக்கு ஓடினாள்.

“இப்படி ஒண்ணு உலகத்துல இருக்கா, கண்ணு?”

அந்தப் பெண் தடித்த பட்டியல் புத்தகத்தைப் புரட்டினாள். “இல்லையே அக்கா.”

பசை அக்காவின் முகம் வாடிப்போனது. அந்தப் பெண் படத்தை மறுபடி பார்த்துச் சிரித்தாள். “அட, ஆக்சிஜனுக்குக் கிட்ட இருக்கிற ஓரத்துலேர்ந்து எண்ணணும்!” அட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள். “எண்ணுங்க.”

“ஒண்ணு, ரெண்டு… மூணு!”

ஹெப்டன்-3-ஓன் புத்தகத்தில் இருந்தது. நிறமில்லாத திரவம், பழ வாசனை, கொதிநிலை சுமார் நூற்று நாற்பத்தேழு டிகிரி.

பசை அக்காவுக்குப் புல்லரித்தது. தான் மனக்கணக்கில் கட்டியது எங்கோ நிஜமாகவே குடுவையில் கொதித்துக்கொண்டிருக்கிறது! இத்தனை வருடம் கையில் புரண்ட ஒவ்வொரு பெயரும் தன் உருவத்தைத் தானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

சாயங்காலம் வீட்டில் மகள் நகப்பூச்சை அழிக்கும் பாட்டிலைத் திறந்து வைத்திருந்தாள். அக்கா அதை வாங்கி, மேலே இருந்த சின்ன எழுத்துகளைப் படித்தாள். அசிட்டோன். அலமாரியில் புரோப்பனோன் லேபிளில் அடைப்புக்குள் இருந்த அதே பெயர்.

“இது மூணு கார்பன்டி. நடுவுல உள்ளதுக்கு மேல ஆக்சிஜன் உக்காந்திருக்கு,” என்றாள், பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.

“சரிம்மா,” என்றாள் மகள், “முதல்ல மூடியைப் போடு, மூணும் காத்துல போகுது.”