துப்பாக்கி குமார் உடைத்த பூசணிக்காய்

"குமார் அண்ணா பாஸ்ட் அவே. கான்ட் பிலீவ் இட்." கோயில் சமையலறைத் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலையில் இப்படி ஒரு செய்தி வந்தது. நியூஜெர்சியில் எங்கள் வட்டாரத்தில் குமார்களுக்குப் பஞ்சமில்லை. கேட்டரிங் குமார் இருக்கிறார், இன்சூரன்ஸ் குமார் இருக்கிறார். உடனே ஒருவர், "எந்த குமார்?" என்று கேட்டார். "துப்பாக்கி குமார்" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு வெகுநேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.

சாவுச் செய்தி வந்தால் கைகூப்பிய பொம்மைகள் மளமளவென்று வந்து விழும் குழு அது. அன்று ஏன் அந்த மௌனம் என்று எனக்குத் தெரியும். நான் நினைத்ததைத்தான் எல்லோரும் நினைத்தார்கள். யார் சுட்டது? வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழவில்லை என்று அடுத்த செய்தி வந்தபோதுதான் எங்களுக்கு மூச்சே வந்தது. வேண்டியவர் ஒருவர் மாரடைப்பில் போனார் என்று கேட்டு நிம்மதி அடைகிற நிலைக்கு இந்தத் தேர்தல் எங்களைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அவரைத் தெரிந்தவர்களுக்காக, அது எப்படி நடந்தது என்பதை எழுதுகிறேன்.

முழுப்பெயர் முத்துக்குமாரசாமி. ஈரோட்டுக்காரர். நான் மதுரை. பிரிட்ஜ்வாட்டர் கோயில் சமையலறையில் சனிக்கிழமைகளில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காய் நறுக்கிப் பல வருடம் ஆகிறது. அவர் வலதுசாரி, நான் அதற்கு நேர் எதிர். வெண்டைக்காய் நறுக்கி முடிப்பதற்குள் நாட்டை இரண்டு முறை பிரித்து மேய்ந்துவிடுவோம்.

"என்னண்ணே, உங்க ஆளு டிவில அப்படி உளர்றாரு?" என்பேன்.

"உங்காளு மட்டும் என்னங் அம்மணி, முத்து முத்தாவா கொட்டறாரு?" என்பார். என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுவார். கத்தியை யார் கையிலும் நேராகக் கொடுக்கமாட்டார். சமையல் மேடையில் வைத்துவிட்டுக் கையை எடுப்பார். நாம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் துப்பாக்கி வாங்கிய கதை உங்களில் பலருக்குத் தெரியாது. ஒரு வளைகாப்புக்குக் குடும்பத்தோடு பக்கத்து ஊரான எடிசனுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் வீட்டில் திருடர்கள் புகுந்தார்கள். நம்மவர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். அவர் மனைவி பூங்கொடி அக்காவின் கல்யாண நகைகள் உட்பட எல்லாம் போயிற்று. அதற்குப் பிறகு அக்கா மாதக்கணக்கில் விளக்கை அணைக்காமல் படுத்தார். அவர் துப்பாக்கி வாங்கியதைக் கேள்விப்பட்டு நான் சண்டைக்குப் போனேன். "ஏண்ணே, திருடன் வந்தா அவன உக்கார வச்சு, காபி குடுத்துட்டு, நீங்க போயி லாக்கரத் திறந்து, குண்டப் போட்டு, அப்புறமா வந்து சுடுவீங்களாக்கும்?"

அவர் சிரிக்கவில்லை. "பூங்கொடி இப்ப லைட்ட ஆஃப் பண்ணிட்டுத் தூங்கறாளுங் அம்மணி. எனக்கு அது போதும்" என்றார். எனக்குத் துப்பாக்கி என்றாலே ஆகாது. இன்றும் ஆகாது. ஆனால் அன்று அந்தச் சண்டையை அங்கேயே விட்டுவிட்டேன்.

துப்பாக்கி வழியாக, சுடப் பழகும் கிளப் ஒன்று வந்தது. கிளப் வழியாக ஃப்ராங்க் வந்தார். ஓய்வுபெற்ற பிளம்பர், பெரிய உடம்பு, பெரிய குரல். அப்படியே கட்சி வேலையும் வந்து சேர்ந்தது. குமார் அண்ணன் சும்மா கொடி பிடிக்கிறவர் இல்லை. வெயிலில் வீடு வீடாகக் கதவைத் தட்டுவார். தமிழர் வீடுகளில் காபி கொடுத்து உபசரித்து, ஓட்டை மட்டும் மாற்றிப் போட்டுவிடுவார்கள். அது தெரிந்தும் போவார். இந்த முறை சட்டமன்றத்துக்கு நின்ற கட்சி வேட்பாளரைக் கோடையில் வீட்டுக்கே அழைத்துப் பணியாரம் போட்டார். வேட்பாளர் காரச் சட்னியில் கண் கலங்கியபடியே ஒரு வாக்குறுதி கொடுத்தார். எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் ஆபத்தானவர் என்று போலீஸ் மனு கொடுத்தால், முழு விசாரணைக்கு முன்பே அவருடைய துப்பாக்கிகளை எடுத்து வைத்துக்கொள்ள நீதிபதி உத்தரவு போடலாம். அந்தச் சட்டத்தை எதிர்த்து நிற்பேன் என்றார் வேட்பாளர். வாசல் புல்வெளியில் அவருடைய முகம் போட்ட அட்டையை அன்றைக்கே குமார் அண்ணன் நட்டார்.

அது நல்ல சட்டம் என்று சமையலறையில் அவரோடு மல்லுக்கு நின்றவள் நான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் இதில் எனக்குப் பெரிய கஷ்டம்.

இலையுதிர் காலம் வந்ததும் கட்சியின் பேச்சு மாறியது. புறநகர்த் தாய்மார்களின் ஓட்டு வேண்டும், துப்பாக்கி என்ற சொல்லையே யாரும் எடுக்கக்கூடாது என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது போலிருக்கிறது. ஒரு பொதுக்கூட்டத்தில் குமார் அண்ணன் எழுந்து கோடை வாக்குறுதியை நினைவுபடுத்தினார். வேட்பாளர் புன்னகைத்து, இந்தத் தேர்தல் கரண்ட் பில்லைப் பற்றியது என்றார். அப்படியானால் எங்கள் கிளப்பிலிருந்து ஒருவர்கூட ஓட்டுப் போட வரமாட்டோம் என்று இவர் சொல்ல, பின்வரிசையில் ஃப்ராங்க் கூட்டம் கத்தியது. நாற்காலிகள் உருண்டன. கூட்டத்தைப் பாதியில் முடித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் பூசணியை நறுக்கவில்லை, வெட்டிச் சாய்த்தார். "நம்மள உட்டா இவனுகளுக்கு வேற போக்கிடம் இல்லைன்னு நெனப்புங். அந்தத் தெனாவட்டு. ஓட்டுக் கேக்கறப்ப மட்டும் நாம வேணும், மேடைல நம்மளப் பத்திப் பேசினா மட்டும் வாய் கூசுது."

"எங்க கட்சிக்கு வந்துருங்கண்ணே."

"அங்க வந்தா வாசல்லயே எல்லாத்தையும் கழட்டி வெக்கோணும். எனக்குப் போறதுக்கு எடமே இல்லீங் அம்மணி." அதைச் சொன்னபோது அவர் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபக்காரர் முகமாக இருந்தால் கேலி செய்திருப்பேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நம் வீடுகளில் லேப்டாப்புக்கும் கார் சாவிக்கும் பொட்டு வைக்கிறோம். அவர் வீட்டில் மிக்ஸிக்குப் பக்கத்தில் பட்டுத்துணி விரித்து, குண்டு நீக்கிய துப்பாக்கிகளுக்கும் பொட்டு உண்டு. நானும் போயிருந்தேன். ஃப்ராங்க் சம்மணம் போட முடியாமல் சோபாவில் உட்கார்ந்து சுண்டலை ஒரு கை பார்த்தார். கடைசியில் திருஷ்டி சுற்றி, ஐசலின் ஊரில் நம்மவர் கடையில் வாங்கிய வெண்பூசணியை, உள்ளே குங்குமம் கரைத்து ஊற்றி, வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே ஓங்கி உடைத்தார். குங்கும நீர் நாலாபக்கமும் தெறித்தது. புல்வெளி ஓரத்தில் நின்ற அட்டையிலும் தெறித்தது. வேட்பாளரின் நெற்றியிலிருந்து கழுத்துவரை சிவப்பு வழிந்தது. கோபம் இருந்தும் அந்த அட்டையை அவர் பிடுங்கியிருக்கவில்லை. ஃப்ராங்க் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

யாரும் துடைக்கவில்லை. திருஷ்டி கழித்த பூசணியை வீட்டுக்காரர்கள் அன்றைக்கே தொடக்கூடாது என்று பூங்கொடி அக்கா தடுத்துவிட்டார். சாயங்காலம் தூறல் போட்டது. சிவப்பு தெருவில் இறங்கி ஓடியது. நாயை நடக்கக் கூட்டிப்போன யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு வாசலில் அதே நாளில் ஆளுயர எலும்புக்கூடு ஒன்று கோடரியோடு நின்றுகொண்டிருந்தது. எதிர்வீட்டுப் புல்வெளியில் வெட்டுண்ட ரப்பர் கை, ரத்தச் சாயத்தோடு கிடந்தது. ஹாலோவீன் மாதம். அதெல்லாம் அலங்காரமாம். எங்கள் பூசணிக்காய்தான் கொலை மிரட்டல்!

படம் வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கிருந்து போலீசுக்குப் போயிற்று. கூட்டத்தில் சண்டை போட்டவர், வீட்டில் ஆயுதம் வைத்திருப்பவர், வாசலில் வேட்பாளரின் படத்தில் சிவப்பு. வேட்பாளர் உண்மையிலேயே பயந்தாரா, அல்லது இது வசதியாக வாய்த்ததா என்று எனக்குத் தெரியாது. பயந்திருக்கலாம். இந்த நாட்டில் இப்போது தேர்தலில் நிற்கிறவர்கள் பயப்படக் காரணம் இருக்கிறது. மறுநாள் பிற்பகல் போலீஸ் தற்காலிக உத்தரவோடு வந்தது. எந்தச் சட்டத்தை எதிர்ப்பேன் என்று வேட்பாளர் பணியாரத்தின் மேல் சத்தியம் செய்தாரோ, அதே சட்டம்.

குமார் அண்ணன் அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தாராம். துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து, கையை எடுத்து, விலகி நின்றாராம். கண்ணேறு கழிப்பதைப் பற்றி விளக்கியிருக்கிறார். யாருடைய கண் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "அதுக்கு என்னங் பதில் சொல்றது? ஊர்க்கண்ணுன்னேன். அதையும் எழுதிக்கிட்டாருங்" என்றார் என்னிடம்.

அவருக்காகக் கோபப்பட்டவர்களைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயந்தேன். கிளப் குழுவில் வேட்பாளரின் வீட்டு முகவரியை யாரோ போட்டார்கள். முகம் தெரியாத ஆட்கள் குழுவில் சேர்ந்தார்கள். சிலர் குமாரை வீரன் என்றார்கள், சிலர் இந்த வெளிநாட்டு மந்திரவாதம் எல்லாம் நம் கட்சியில் எதற்கு என்றார்கள். சனிக்கிழமை ஊர் நடுவில் அறுவடை விழா. வேட்பாளர் கடை போட்டு உட்காரப் போகிறார், போய்ச் சுற்றி நிற்போம், ஒரு வார்த்தை பேசவேண்டாம், நின்றால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

அன்று காலை எனக்குப் போன் வந்தது. "அம்மணி, கொஞ்சம் கார் எடுத்துட்டு வர்றீங்களா? எனக்குக் கை நடுங்குதுங், டிரைவ் பண்ண முடியாது."

"எதுக்குண்ணே நீங்க போறீங்க? போலீஸ் பாத்துக்கட்டும்."

"எம் பேரச் சொல்லித்தான அங்க நிக்கப் போறாங்க. நான் போகாம யாருங் போறது?"

போனோம். ஆப்பிள் ஜூஸ் வாசனை, முகத்தில் வண்ணத்துப்பூச்சி வரைந்துகொண்ட குழந்தைகள், நடுவே வேட்பாளரின் கூடாரம். அதைச் சுற்றிக் கனத்த கோட்டுகள் அணிந்த ஆண்கள். கோட்டுக்குள் ஒன்றுமில்லாமல் இருக்கலாம், இருக்கவும் செய்யலாம். யாரும் பேசவில்லை. தாய்மார்கள் குழந்தைகளை மெல்ல இழுத்துக்கொண்டு விலகினார்கள். வேட்பாளரின் முகம் வெளுத்திருந்தது. பேசுவது காதில் விழும் தூரத்தில் நான் நின்றுவிட்டேன், அதற்கு மேல் போகவில்லை. குமார் அண்ணன் மட்டும் அந்த வெற்றிடத்தைக் கடந்து போய் ஃப்ராங்கின் கையைப் பிடித்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பாஷையில் சொன்னால் இப்படித்தான் வரும்: "நீங்க இங்க நிக்கற வரைக்கும் நான் உடைச்சது மிரட்டல். நீங்க வீட்டுக்குப் போனாத்தான் அது பூசணிக்காய்."

ஃப்ராங்க் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஒருவன் மட்டும் போகவில்லை. எங்களுக்கு அறிமுகமில்லாத ஆள். எங்களுக்கு உத்தரவு போட நீ யார், வந்த இடத்துக்கே திரும்பிப் போ என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அவன் கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். குமார் அண்ணன் வேட்பாளரின் பக்கம் ஓரடி எடுத்து வைத்தார், ஏதோ சொல்லப் போனார். வேட்பாளரோடு இருந்தவர்கள் குறுக்கே வந்து கையைக் காட்டித் தடுத்துவிட்டார்கள்.

காரில் திரும்பும்போது, "நாந்தான் அவங்களக் கூட்டியாந்தேன்னு நெனச்சிருப்பாருங்" என்றார்.

நீதிமன்ற விசாரணைக்கு நாள் குறித்தார்கள். எதிர்க்கட்சிக்காரி, துப்பாக்கியை வெறுக்கிறவள் சாட்சி சொன்னால் எடுபடும் என்று வக்கீல் என்னைக் கேட்டார், சரி என்றேன். துப்பாக்கி திரும்ப வருமா என்பதைப் பற்றிக் குமார் அண்ணன் அதிகம் பேசவில்லை. "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லைன்னு ஒருத்தர் கோர்ட்ல சொல்லிட்டாப் போதுங்" என்பதுதான் அவர் கேட்டதெல்லாம். அந்த நாள் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

இறுதிச் சடங்கில் கட்சியின் பெயரில் மலர்வளையம் இருந்தது. ஃப்ராங்க் குழந்தை மாதிரி அழுதார். பூங்கொடி அக்கா அழவில்லை. வக்கீலைக் கூப்பிட்டு, விசாரணை எப்போது என்று கேட்டார். ஆள் போன பிறகு விசாரணை கிடையாது, வழக்கு அவரோடு முடிந்தது என்றார் வக்கீல்.

"அப்ப அவரு அப்படி இல்லைன்னு யாருங் சொல்லுவாங்க?" என்றார் அக்கா. வக்கீலிடம் கேட்டது, ஆனால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

தேர்தலுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. விழாவில் நின்ற அந்த ஆள் வண்டி ஓட்டிப் போவதை எங்கள் தெருவில் இரண்டொரு முறை பார்த்துவிட்டேன். யாரைத் தேடுகிறான் என்று தெரியவில்லை. இனி எழுந்து போய் அப்படிப்பட்டவர்கள் கையைப் பிடிக்க எங்களிடம் குமார் அண்ணன் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, நான் கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பழகி, கேட்க ஆளில்லாமல் போன அந்தச் சாட்சிதான். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இவர் என் கட்சி இல்லை. இவர் வைத்திருந்த பொருள் எனக்குப் பிடிக்காது. இவரோடு நான் வாரம் தவறாமல் சண்டை போட்டேன், ஒருநாளும் பயந்துகொண்டு வீடு திரும்பியதில்லை. நாங்கள் எல்லோரும் ஒதுங்கி நின்ற இடத்தில் கை நடுங்க நடுங்க நடந்து போனவர் இவர். இவரால் யாருக்கும் ஆபத்து இல்லை, கனம் நீதிபதி அவர்களே.